நான் விட்டுக்கொடுத்த ரூம்

தாடைய அசைக்காதீங்க பாய். பெல்ட் நழுவிரும். கழுத்த மெதுவா இழுக்கும், கொஞ்ச நேரம் பிடிக்கும், விடும். மறுபடி இழுக்கும். அவ்வளவுதான் இந்த மெஷின். பயப்பட ஒண்ணுமில்ல. ஒரே ஒரு கண்டிஷன், ஓடி முடியற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. பரவாயில்ல, நான் பேசறேன். ஏம்மா, நீங்க அந்த சேர்ல உக்காருங்க. அட, உக்காருங்கன்னா. கூட வந்தவங்களை இங்க யாரும் வெளிய போகச் சொல்றதில்ல. அதுதான் இங்க இருக்கற பிரச்சனையே.

அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டற சத்தம் கேக்குதுல்ல? ஜெசிந்தா மேடத்துக்கு வழியனுப்பு விழா. எங்க டிபார்ட்மென்ட்ல இன்னொரு பிசியோ. டிரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிட்டு தர்மபுரி போறாங்க. இன்னையோட சரி. மூணு மணி பஸ்ஸாம். கேக்கு, சால்வை, ஆளாளுக்கு செல்போன்ல போட்டோ. என்னையும் கூப்பிட்டாங்க. நான்தான் இன்சார்ஜ், நான்தான் முதல்ல பேசணுமாம். பேஷண்ட் மெஷின்ல இருக்காரு, நகர முடியாதுன்னுட்டேன். பொய்யில்லையே? நீங்க மெஷின்லதான இருக்கீங்க?

எனக்கு துரோகம் பண்ணுன பொம்பளையப் பத்தி நான் மைக்கப் பிடிச்சு நல்லதா நாலு வார்த்தை பேசணும். எப்படி இருக்கு பாருங்க கதை.

துரோகம்னதும் வேற எதையும் நினைச்சுக்காதீங்க. இது ரூம் விஷயம். நீங்க டெய்லர்னு ஓபி சீட்டுல பாத்தேன். குனிஞ்சு குனிஞ்சு தைச்சு வந்த கழுத்து இது. உங்களுக்குச் சொன்னா புரியும். ஒருத்தன் ஆசை ஆசையா தனக்குன்னு ஒரு சட்டைத் துணி எடுத்து உங்ககிட்ட குடுக்கறான். நீங்க அதைக் கைக்குட்டை கைக்குட்டையா வெட்டி ஊருக்கே குடுத்துடறீங்க. குடுத்துட்டு, ‘அவரே குடுக்கச் சொன்னாரு’ன்னும் சொல்லிடறீங்க. அவனுக்கு எப்படி இருக்கும்? அதான் எனக்கு நடந்தது.

பழைய டிபார்ட்மென்ட்ட நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எக்ஸ்ரேக்குப் பின்னாடி, அழுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் போட்டு வச்சிருந்த ரூம் அது. வாசல்ல ஒரு படி. நடக்க முடியாதவன் வர்ற எடத்துக்கு வாசல்ல படி வச்சிருந்தாங்க! உள்ள என் சீட் எது தெரியுமா? மெழுகு உருக்கி வைப்போம்ல, கை மடக்க முடியாதவங்க முக்கி எடுக்கறதுக்கு, அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு இரும்பு ஸ்டூல். நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாள்ல இருந்து அந்த ஸ்டூல்தான். மேசை கிடையாது. தொடை மேல வச்சு எழுதுவேன். டிபன் பாக்ஸை மெஷின் மேல வைப்பேன். முழங்கை தொட்டியில பட்டுப் பட்டு இந்தத் தழும்பு பாருங்க. சரி, உங்களால திரும்ப முடியாது. ஏம்மா, நீங்க பாருங்க. பாத்தீங்களா?

எதிர்ல இன்னொரு ஸ்டூல். அது ஜெசிந்தாவோடது. ரெண்டே பேருதான் நாங்க. அவ வேலைக்குச் சேர்ந்தப்ப சின்னப் பொண்ணு, பேஷண்ட் வலில கத்துனா இவளும் சேர்ந்து அழுவா. நான்தான் தேத்தினேன். அண்ணே அண்ணேன்னு சுத்தி வருவா. என் கூடப் பிறந்ததுகூட அப்படிக் கூப்பிட்டதில்ல. மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவ வீட்டுல மீன் குழம்புன்னா எனக்குத் தனி டப்பா வரும். எங்க வீட்டுல வடகம் வறுத்தா அவளுக்குப் பொட்டலம். அப்படி இருந்த ஆளு பாய். அதான் ஆறல.

ரூம் ஆசை எப்ப வந்துச்சுன்னு சொல்றேன். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தோம். மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு தாசில்தார். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு, சம்பந்தி வேலை பாக்கற எடத்தைப் பாக்கணும்னு. வந்து நின்னு, ‘உங்க ரூம் எங்க சம்பந்தி?’ன்னாரு. நான் மெழுகுத் தொட்டிகிட்ட நிக்கறேன். கையெல்லாம் மெழுகு. ‘ரூமுக்கு பெயிண்ட் அடிக்கறாங்க’ன்னேன். வாயில வந்துருச்சு. ஜெசிந்தா சட்டுனு, ‘ஆமாங்கய்யா, ஒரே வாடை, அங்க உக்கார முடியாது’ன்னு எடுத்துக் குடுத்தா. அவரை வெளிய மரத்தடியில உக்கார வச்சு கேண்டீன் காபி வாங்கிக் குடுத்தோம். அன்னைக்கு நான் பட்ட அவமானம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். இதை மனசுல வச்சுக்கங்க.

இந்தப் புதுக் கட்டடம் அப்பறம்தான் வந்தது. தரைத்தளத்துல இந்த ஹால் முழுக்க நமக்குன்னாங்க. பொதுப்பணித்துறை இன்ஜினியர் சின்னப் பையன், மரியாதை தெரிஞ்சவரு. ‘நாலு சுவர் நான் குடுத்துடறேன் சார். உள்ள எது எங்க வரணும்னு நீங்களே பிளான் போட்டுக் குடுங்க’ன்னுட்டாரு. பாய், அரசாங்கத்துல இத்தனை வருஷத்துல என்கிட்ட ‘உங்களுக்கு என்ன வேணும்’னு கேட்ட மொத ஆளு அவருதான். அன்னைக்கு எனக்கு சந்தோஷத்துல சோறு இறங்கல.

உக்காந்து பிளான் போட்டேன். நீங்க துணிக்கு அளவெடுக்கற மாதிரி இன்ச் டேப் வச்சு எல்லாத்தையும் அளந்தேன். கட்டில் நீளம், அகலம். மெஷின், தொட்டி, நடை பழகற கம்பி, தோள் சுத்திப் பழக சுவத்துல மாட்டற சக்கரம். ஒண்ணு விடல. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி கட்டில் கட்டிலா செஞ்சேன். ஐஸ் குச்சிதான் கம்பி. என் ரூமுக்கு ஒரு தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டிய எத்தனை தடவை நகத்தியிருப்பேன்! மூலையில வச்சா எல்லாரையும் பாக்க முடியல. வாசல் பக்கம் வச்சா டீன் வந்தா மொதல்ல என் முகத்துல முழிக்கணும். கடைசியில நட்ட நடுவுல வச்சேன். மூணு பக்கம் கண்ணாடி. ஏசி. வாஷ்பேசின். மேசைக்கு அந்தப் பக்கம் விருந்தாளிக்கு ரெண்டு சேர். ரூமைச் சுத்தி கட்டில் வரிசை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல நான் ஒருக்களிச்சுப் போற அளவு இடம். நான் போனா போதாதா? வைத்தியம் பண்றது நான்தான?

சாப்பிடறப்ப அவகிட்ட விரிச்சுக் காட்டுனேன். பாத்துக்கிட்டே இருந்தா. ‘அண்ணே, கூட வர்றவங்க எங்க நிப்பாங்க?’ன்னா. வெளிய நிப்பாங்கன்னேன். பழைய எடத்துல இந்தக் கூட்டத்தால நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது பாய். பக்கவாதம் வர்றது ஒருத்தருக்கு, கூட வர்றது நாலு பேரு. ஒருத்தி கால அமுக்குவா, ஒருத்தன் பன்னு பிச்சு ஊட்டுவான், ஒரு கிழவி திருநீறு பூசுவா, இன்னொருத்தி ஓரமா அழுவா. வெளிய பெஞ்சு போட்டிருக்கேன், வெயில் படாம தகரமும் போடச் சொல்லியிருக்கேன், இதுக்கு மேல என்ன வேணும்னேன்.

அடுத்த நாள் மறுபடி. ‘அவரு எந்திரிச்சு நிக்கறப்ப கைய யாரு பிடிப்பாங்கண்ணே?’ நான் எதுக்கு இருக்கேன், நீ எதுக்கு இருக்கன்னேன். ‘வீட்டுக்குப் போனா?’ன்னா. வீட்டுக்குப் போனா வீட்டுக்காரங்க பிடிப்பாங்க, அது வீட்டு விஷயம், ஆஸ்பத்திரி பிளான்ல எதுக்கு வரணும்னேன். ‘அவங்க நம்ம பக்கத்துல நின்னு பாத்தாதானண்ணே எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியும்?’னா. சாப்பிடு, குழம்பு ஆறுதுன்னேன்.

இன்னொரு நாள், பொம்பளைங்களுக்குத் திரை வேணும்னு கேட்டா. திரை போட்டா என் ரூம்ல இருந்து எப்படிப் பாக்கறதுன்னு கேட்டேன். டப்பாவ மூடிட்டு கை கழுவப் போயிட்டா. நியாயம்னு பட்டிருக்கும். வேற ஒண்ணும் சொல்லல. அதான் சொல்றேன் பாய், மனசுல வச்சிருந்ததை எங்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, முகத்துக்கு நேரா சொன்னாளா?

கழுத்து வலிக்குதா? இல்லையே? கண்ணை மட்டும் சிமிட்டுங்க. ம், சரி.

பொண்ணு கல்யாணம் வந்துச்சு. லீவு போட்டேன். போறப்ப தெளிவா சொல்லிட்டுத்தான் போனேன். ‘கல்யாண வேலையில இருப்பேன், யாரும் போன் பண்ணி உயிர வாங்காதீங்க, எதுவா இருந்தாலும் ஜெசிந்தா பாத்துக்குவா.’ அவ்வளவு நம்பிக்கை வச்சேன்.

நான் லீவுல இருக்கறப்ப இன்ஜினியர் ஹாலுக்கு வந்து, நான் குடுத்த பிளான்படி தரையில சுண்ணாம்புக் கோடு போட்டிருக்காரு. கட்டடக்காரங்க அப்படித்தான், சுவர் எழுப்பறதுக்கு மொதல்ல கோடு போட்டுக் காட்டுவாங்க. கோட்டைப் பாத்து சரின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? இவ என்ன பண்ணுனா? பழைய கட்டில் ரெண்டைத் தள்ளிட்டு வந்து கோட்டுக்குள்ள போட்டிருக்கா. ஒரு பேஷண்ட்டைக் கூட்டிட்டு வந்திருக்கா. தேங்காய் மண்டியில மூட்டை தூக்கற ஆளு, வலது பக்கம் விழுந்துருச்சு. அவரும் அவரு சம்சாரமும். ‘இது சுவருன்னு நினைச்சுக்கங்க, கோட்டைத் தாண்டாம வந்து படுங்க’ன்னிருக்கா.

வீல்சேர் திரும்பல. சரி, தூக்கி எறக்கியிருக்காங்க. படுத்துட்டாரு. எந்திரிக்கறப்ப அந்தப் பொம்பளை அவரு விழற பக்கம் நின்னு தாங்கணும்ல? நிக்க எடமில்ல. பின்னால போயிருக்கா, பின்னால போயிருக்கா, கோட்டைத் தாண்டி என் ரூமுக்குள்ள வந்து நின்னுருக்கா. என் மேசை வர்ற எடத்துல நின்னு புருஷனைப் பிடிச்சிருக்கா. சரியா அந்த நேரம் பாத்து டீன் மேடம் ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க.

டீன் மேடத்தை உங்களுக்குத் தெரியாது. கோவம் வந்தா கத்த மாட்டாங்க. ரொம்ப மெதுவா பேசுவாங்க. அதுதான் பயம். ‘நடுவுல இது என்ன கட்டம்? யாரு போட்ட பிளான்?’னு மெதுவா கேட்டிருக்காங்க. எனக்கு இதெல்லாம் இன்ஜினியர் சொல்லித்தான் தெரியும். இவ என்ன சொல்லியிருக்கணும்? ‘இன்சார்ஜ் ரூம் மேடம், சார் வந்ததும் பேசிக்கங்க’ன்னு சொல்லியிருக்கணும். அதுதான நியாயம்? நான் வந்து வாதாடியிருப்பேன்.

இவ சொல்லியிருக்கா பாய், ‘அது பழைய கோடு மேடம். குணசீலன் சார் தனக்கு ரூம் வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்த எடத்தையும் பேஷண்ட்டுகளுக்கும் கூட வர்றவங்களுக்குமே விட்டுடலாம், பொம்பளைங்களுக்குத் திரை போடலாம்னு சொல்லிட்டுத்தான் லீவுல போனாரு.’

குணசீலன் நான்தான். நான் அப்படிச் சொல்லவே இல்ல.

அதோட விட்டாளா? அதுக்கு மறு வாரம் என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தா. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து பந்தியில நின்னு வர்றவங்களைக் கவனிச்சா. சம்பந்தி என் தோள்ல கைய போட்டு, ‘புது ரூம் எந்த மட்டுல இருக்கு?’ன்னு கேட்டாரு. ‘சுவர் எழும்பிட்டிருக்கு சம்பந்தி, அடுத்த தடவை ஏசியில உக்காந்து காபி’ன்னேன். அவ பக்கத்துல நிக்கறா. அவளுக்குத் தெரியும், சுவரும் இல்ல ஒண்ணும் இல்லன்னு. கேட்டுக்கிட்டு, பாயசம் எடுத்துட்டு வரேன்னு உள்ள போயிட்டா. கல்யாண போட்டோவுல பாருங்க, எனக்குப் பக்கத்துல நின்னு சிரிக்கறா. அந்தப் போட்டோவ எங்க வீட்டம்மா ஹால்ல மாட்டி வச்சிருக்கா. சாப்பிட உக்காந்தா நேரா தெரியும்.

லீவு முடிஞ்சு டப்பா நெறைய லட்டோட வந்தேன். மொதல்ல டீன் மேடத்துக்குக் குடுக்கலாம்னு போனா, எந்திரிச்சு நிக்கறாங்க. எனக்கு! ‘குணசீலன், இந்த ஆஸ்பத்திரியில ஆளாளுக்கு ரூம் கேட்டு என் கழுத்தை அறுக்கறாங்க. கிடைச்ச ரூமை வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்’னாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் என்ன சொல்லட்டும்? ‘இல்ல மேடம், எனக்கு ரூம் வேணும், ஏசியும் வேணும்’னா? லட்டு எடுத்துக்கங்க மேடம்னேன்.

நேரா ஹாலுக்கு வந்தேன். நடுவுல வெறும் தரை. சுண்ணாம்புக் கோட்டக்கூடக் கழுவி விட்டிருந்தாங்க. அவ அங்கதான் நின்னா. ஏன் இப்படிப் பண்ணுனன்னேன். ‘யாரு போட்ட பிளான்னு மேடம் கேட்டாங்கண்ணே. அந்த அம்மா பிடிக்க எடமில்லாம நிக்கறதை அவங்க கண்ணால பாத்துட்டுக் கேக்கறாங்க. உங்க பேரை வேற எப்படிண்ணே சொல்லட்டும்?’னா. என் பேரக் காப்பாத்துனாளாம்! என் ரூமைக் காப்பாத்தத் தெரியல, பேரக் காப்பாத்துனாளாம்.

அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு. வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரே ஹால்ல அவ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. ஏதாவது சொல்லணும்னா பேஷண்ட் மூலமாத்தான். ‘பாட்டி, அந்த மேடத்துகிட்ட சொல்லுங்க, மெழுகு சூடாயிருச்சுன்னு.’ பாட்டி போய் வேற எதையோ சொல்லிட்டு வரும். சாப்பாடும் தனித்தனிதான். மொதல்ல கொஞ்ச நாள் அந்த மீன் குழம்பு டப்பா என் பக்கம் வந்து உக்காந்திருக்கும். தொட மாட்டேன். அப்படியே திரும்பிப் போகும். அப்பறம் வர்றது நின்னுபோச்சு.

திறப்பு விழாவுல கலெக்டர் எனக்கு சால்வை போட்டாரு. ‘தன் அறையை நோயாளிகளுக்கு விட்டுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட்’னு பேப்பர்ல வந்துச்சு. சம்பந்தி அதை லேமினேட் பண்ணி வீட்டுல வச்சிருக்காரு. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டறாரு. காபி குடிக்க வரவே இல்ல, ‘உங்க மனசே பெரிய ரூம் சம்பந்தி’ங்கறாரு. ஓபியில வர்ற ஒவ்வொருத்தரும் கும்பிடறாங்க. அந்தத் தேங்காய் மண்டி ஆளு நடந்தே வந்தாரு போன மாசம், சம்சாரத்தோட. அந்தம்மா என் கால்ல விழப் போனா. எந்தம்மா? என் ரூமுக்குள்ள வந்து நின்னாளே, அதே அம்மா! எனக்கு உடம்பெல்லாம் எரியுது, சிரிக்கறேன்.

வேலையும் கெட்டுப்போச்சு பாய். முன்னெல்லாம் ஒரு பக்கவாதம் வந்தா மாசக்கணக்குல வருவாங்க, நம்மள விட்டா கதியில்லன்னு இருப்பாங்க. இப்ப என்னடான்னா பொண்டாட்டி பக்கத்துல நின்னு பாக்கறா, ரெண்டு வாரத்துல ‘பிடிச்சுப் பழகிட்டேன் சார், வீட்டுலயே பாத்துக்கறோம்’னு கூட்டிட்டுப் போயிடறா. அப்பறம் எதுக்கு டிபார்ட்மென்ட்? எதுக்கு நான்?

ஏம்மா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான் எடம். சரியா அந்த சேர் இருக்கற எடத்துலதான் என் மேசை. எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. சொல்லத்தான் சொன்னேன். பாய் கழுத்துக்குக் கீழ கைய குடுத்து எப்படித் தூக்கறதுன்னு இந்தத் தலகாணிய வச்சுக் காட்டறேன், நல்லா கிட்ட வந்து பாத்துக்கங்க. வீட்டுல சட்டுனு எந்திரிக்க விட்டா தலை சுத்தும். ஆங், அப்படித்தான். நாளைக்கு நீங்களே பண்ணிருவீங்க.

என்னம்மா? நீங்க பாத்துக்கறீங்களா? நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரணுமா? மெஷின் ஓடறப்ப பேஷண்ட்டை விட்டு நகரக்கூடாது. ரூல் அது. வேணும்னா இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டி வைக்கறேன் பாய், உங்க கழுத்துக்கு நல்லதுதான்.

கைதட்டல் நின்னுருச்சு. சேரையெல்லாம் மடக்கறாங்க.

யாரது திரைகிட்ட? பேஷண்ட் மெஷின்ல இருக்காருன்னு சொல்லி அனுப்புனேனே... ம்... ம்... பாய், தாடைய அசைக்காதீங்க. இந்த பெல்ட் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, இருங்க, சரி பண்ணிடறேன்... ம்.

போயாச்சா?

கேட்டீங்கள்ல பாய்? ‘அண்ணே, கிளம்பறேன். பிரஷர் மாத்திரைய மத்தியானமே போட்டுருங்க, சாயங்காலம் மறந்துடுவீங்க.’ அவ்வளவுதான். இத்தனை நாள் கழிச்சு வாயத் திறந்து சொன்னது அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன்ணேன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? வந்திருந்தா நான் திரும்பியிருப்பேன். சத்தியமா திரும்பியிருப்பேன்.

ஏம்மா, அந்த ஜன்னல் வழியா பாருங்க, கேட் பக்கம் போயிட்டாங்களா? நீலப் புடவை. ஆட்டோ ஏறிட்டாங்களா? இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாங்களா?

பாக்கலையா. சரி. சரி, வந்து உக்காருங்க.

நீங்களும் கழுத்து சரியானா பாக்க வரமாட்டீங்க பாய், வரவும் கூடாது. டீன் மேடத்துல இருந்து கூட்டற அம்மா வரைக்கும் எனக்குக் கும்பிடு போடறாங்க. அந்த ரூம் எனக்கு எவ்வளவு வேணும்னு தெரிஞ்சே, எனக்கு மீன் குழம்பு கொண்டு வந்த ஒரே ஆளு இப்ப பஸ் ஏறப் போறா. இனிமே இந்த ஆஸ்பத்திரியில, என்னை நல்லவன்னு நம்பறவங்க மட்டும்தான் பாய் மிச்சம்.